எதிர் மலையில் ஏறிய கணக்கு

செஞ்சியில் கிளம்பிய டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மடியில் லேப்டாப்போடு இருந்த பெண் தோழியிடம் சொன்னாள்:

“கீழ போன்னு சொன்னா, எதிர் மலை மேல ஏறி நிக்குதுடி.”

பக்கத்திலிருந்த பெரியவர் ஜன்னல் வழியே கோட்டையை எட்டிப் பார்த்தார்.

“இன்னாடி நிக்குது?” என்றாள் தோழி.

“என் புரோகிராம்தான். தப்ப ஒரு மலையா நெனச்சுக்க, அது கொறையுற பக்கமா அடியடியா எறங்கணும். பெரிய அடியா வச்சா, தப்பு ரொம்பக் கம்மியா இருக்குற பள்ளத்தையே தாண்டிடுது. நாளைக்கு காலேஜ்ல காட்டணும்.”

“சின்னதா வையேன்.”

“நேத்தெல்லாம் ஓடுச்சு. இன்னும் பாதி மலையிலயே கெடக்குது.”

“எதுக்கு ஒரே அளவு? பெருசாவே வை. தப்பு ஏறுச்சுன்னா மட்டும் அந்த அடிய பாதியாக்கு.”

தட்டினாள். சற்று நேரத்தில் கத்தினாள்.

“பள்ளத்துக்கு வந்துடுச்சுடி!”

தோழி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “அய்யோ, நாம எறங்க வேண்டிய சிங்கவரம் தாண்டிட்டோம்!”

“தாண்டுனா இன்னா? அடி பெருசாப் போச்சு. திரும்பி நடக்கலாம் வா.”