வாயில் பஞ்சு இருக்கும்போது

— வெண்டல் இன்னிக்குப் பல்லக் காட்ட வர்றாருல்ல, வாயில பஞ்சு இருக்கும்போதே சொல்லிடுங்க டாக்டரம்மா. மனுஷன் திரும்பத் திட்ட முடியாத நேரம் அது ஒண்ணுதான்.

— அது நியாயமா டோரீன்? மரத்துப்போன வாயோட படுத்திருக்கிற ஆளுகிட்டப் போய்...

— நியாயத்த அப்புறம் பாத்துக்கலாம். போன வாரம் பள்ளிக்கூடத்து கோச்சுகிட்ட நேருக்கு நேரா சொன்னீங்களே, என்ன ஆச்சு? ‘ஜனவரியில இருந்து இன்சூரன்ஸ் எடுத்துக்க மாட்டோம்’னு ஆரம்பிச்சீங்க. அவரு மூஞ்சி லேசா சுருங்குச்சு. உடனே ‘பரவால்ல, பரவால்ல, உங்களுக்கு மட்டும் எடுத்துக்கறேன்’னுட்டீங்க.

— பாவம், மூணு பிள்ளைங்க அவருக்கு.

— இந்த ஊர்ல யாருக்குத்தான் பிள்ளைங்க இல்ல? இப்படியே போனா இன்சூரன்ஸ விட்ட டாக்டர்ங்கற பேரும் உங்களுக்கு இருக்கும், ஊர்ல அத்தன பேரோட இன்சூரன்ஸும் நம்ம தலையில இருக்கும்.

— வெண்டல் விஷயம் வேற, டோரீன். ஜன்னல் ஃபேக்டரியில ஆளுங்க விவகாரம் எல்லாம் அவரு கையில. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு அந்த ஃபேக்டரிதான். ‘அந்த டாக்டர்கிட்டப் போகாதீங்க’ன்னு அவரு ஒரு வார்த்த சொன்னாப் போதும், எல்லாரும் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிளினிக்குக்குப் போயிடுவாங்க.

— போனா நாம ரெண்டு பேரும் சீஸ் கடையில வேலைக்குச் சேந்துடுவோம். எனக்கு அங்க ஆள் தெரியும்.

— விளையாடாதீங்க. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

— சரி, விளையாடல. ஏன் இத ஆரம்பிச்சீங்கன்னு யோசிங்க. ஸ்கூல் பஸ் ஓட்டுற மார்லீன்.

— அத ஞாபகப்படுத்தாதீங்க.

— படுத்துவேன். ரூட் கேனலுக்குச் சரின்னான் இன்சூரன்ஸ்காரன். பல்லு ஒடையாம இருக்க மேல கேப் போடணும்னு கேட்டா, அதெல்லாம் அவசியமில்லன்னுட்டான். அவ வாயத் தொறந்து பாத்தானா அவன்? நான் போன் போடப் போட, பாட்டுப் போட்டுட்டுக் காணாமப் போயிட்டான். அந்தப் பாட்டு இன்னும் என் கனவுல வருது. கடைசியில பல்லு ரெண்டாப் பொளந்துச்சு.

— நான்தான் புடுங்குனேன். அழுகைய அடக்கிக்கிட்டு எனக்கு நன்றி வேற சொல்லிட்டுப் போனா.

— அப்புறம் என்ன? அந்தா, வெண்டல் வண்டி வந்துடுச்சு. வேட்டையில சுட்ட மானப் பின்னாடி கட்டிப்போட்டு நேரா காட்டுல இருந்து வர்றாரு. பயப்படாதீங்க, துப்பாக்கிய வண்டியிலயே வச்சுட்டு வரச் சொல்றேன்.

— டோரீன்!

— வாங்க வெண்டல், வாங்க! கொம்பு எத்தன கிளை?

— எட்டு. டாக்டர் இருக்காங்களா? அவங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். கொஞ்சம் சங்கடமான விஷயம்.

— மொதல்ல ஊசியப் போட்டுக்குங்க. விஷயம் எங்கயும் ஓடிடாது.

— இல்ல டோரீன், ஊசிக்கு முன்னாடியே சொல்லிட்டா எனக்கும் பாரம்...

— வாங்க வெண்டல், சாஞ்சுக்குங்க. நல்லாத் தொறங்க. சின்னதா ஒரு குத்து. ஆச்சு. மரத்துப்போச்சா? இந்தாங்க, பஞ்சு. இன்னொண்ணு. சௌகரியமா இருக்கா?

— ஹாக்ஹர், ஹான் ஒஹ்ஹு ஹொல்லணும்...

— பேச வேணாம், நான் பேசறேன். வந்து, வெண்டல், ஜனவரியில இருந்து... டோரீன், அந்த லைட்டக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க.

— லைட்டு நல்லாத்தான் இருக்கு. சொல்லுங்க.

— ஜனவரியில இருந்து நாங்க எந்த இன்சூரன்ஸ் கம்பெனியோட ஒப்பந்தத்துலயும் இருக்க மாட்டோம்.

— ஹேஹா?!

— அசையாதீங்க, மிஷின் ஓடுது! கோவம் வரும், எனக்குத் தெரியும்.

— ஹோவம் ஹில்ல! ஹம்பெனி... ஹம்பெனி...

— கம்பெனி கம்பெனிங்கறாரு டாக்டரம்மா. கம்பெனி ஆளுங்க ஒருத்தரும் இங்க வர மாட்டாங்கன்னு மிரட்டுறாரு போல. நிறுத்தாதீங்க. மார்லீன்!

— ஆமா. மார்லீன். வெண்டல், உங்க பல்லுக்கு என்ன பண்ணணும்னு முடிவு பண்றவன் எங்கயோ ஒரு ஊர்ல உக்காந்திருக்கான். நான் வாயப் பாக்குறேன், அவன் காகிதத்தப் பாக்குறான், காகிதம்தான் ஜெயிக்குது. அவன் குடுக்கிற காசு கட்டுப்படியாகணும்னா ஒரு ஆளு வாயில கை இருக்கும்போதே நான் அடுத்த ஆளுகிட்ட ஓடணும். நான் இந்தப் படிப்புப் படிச்சது ஓடுறதுக்கு இல்ல.

— அப்படிப் போடுங்க!

— அதனால ஒரு திட்டம் வச்சிருக்கேன். வருஷத்துக்கு ஒரு தொகை, நேரா எங்ககிட்டயே கட்டிடலாம். ரெண்டு தடவ சுத்தம் பண்றது, எக்ஸ்ரே, பரிசோதனை எல்லாம் அதுலயே வந்துடும். அதுக்கு மேல என்ன பண்ணினாலும் தள்ளுபடி. என்ன பண்ணணும்ங்கறத நீங்களும் நானும் பேசி முடிவு பண்ணுவோம். நடுவுல ஒருத்தனும் கிடையாது.

— ஹஹ்ஹோ! ஹிஹ எஹுங்க!

— கையத் தூக்குறாரே, வலிக்குதா? இல்லையா? தலைய ஆட்டுறாரு டோரீன். கண்ணுல தண்ணி வேற. பரவால்ல வெண்டல், பரவால்ல, உங்க ஆளுங்களுக்கு மட்டும் வேணும்னா...

— ம்ஹும்! ம்ஹும்!

— இப்ப ம்ஹும்ங்கறது அவரா, நீங்களா?

— ரெண்டு பேரும்தான். முடிங்க டாக்டரம்மா.

— இல்ல வெண்டல். உங்க ஆளுங்களுக்கும் கிடையாது. சொல்லிட்டேன். எல்லாரும் ஆத்தத் தாண்டிப் போறதா இருந்தாப் போகட்டும். ஒருத்தர் மிச்சமிருந்தாலும் அந்த ஒருத்தருக்கு ஒழுங்காப் பாப்பேன். அப்பாடா, பல்லும் முடிஞ்சுது.

— சும்மா சொல்லக்கூடாது, பல்லு, பேச்சு ரெண்டுமே சுத்தமா முடிச்சீங்க.

— இப்பப் பஞ்ச எடுக்கறேன். கொப்புளிச்சுட்டுத் துப்புங்க. அப்புறம் என்ன திட்டணுமோ திட்டிடுங்க.

— தண்ணி தாடையில ஒழுகுது, இந்தாங்க துண்டு. திட்டும்போது கொஞ்சம் மெதுவா, வெளிய ஆள் காத்திருக்காங்க.

— ஹோவம்... கோவமே இல்ல. பேச விட்டீங்களா ரெண்டு பேரும்? மொதலாளி நேத்து கையெழுத்துப் போட்டுட்டாரு. பிரீமியம் ஏறிப்போச்சாம். ஜனவரியில இருந்து ஃபேக்டரியில யாருக்கும் பல்லு இன்சூரன்ஸ் கிடையாது.

— யாருக்குமா?

— யாருக்கும். எனக்கும்தான். பாதிப் பேரு இங்கதானே வர்றாங்க, உங்க கிளினிக் என்ன ஆகும்னு நேத்து முழுக்க ஒரே யோசன. இதச் சொன்னா இந்தப் பொண்ணு ஒடஞ்சு போயிடுமேன்னு காட்டுக்குள்ள மூணு மான சுடாம விட்டுட்டு உக்காந்திருந்தேன்.

— வெண்டல், கொஞ்சம் எந்திரிங்க. டாக்டரம்மா, உக்காருங்க. அது நோயாளி நாற்காலி, பரவால்ல, அதுலயே உக்காருங்க.

— வெண்டல்... அப்போ உங்க ஆளுங்க?

— திங்கக்கிழம அத்தன பேரு முன்னாடியும் நின்னு நான்தான் சொல்லணும். ‘அப்ப எங்க பல்லுக்கு என்ன வழி’ன்னு கேப்பாங்க. அந்தத் திட்டத்த இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர், இந்தத் தடவ மெதுவா. நான் அங்க போய் அப்படியே சொல்லணும்.