வளைவில் கட்டிய பேனர்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ். மடியில் தூங்கும் குழந்தைக்குக் குல்லா போட்டது சரியா, வேர்க்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டில், சுருட்டிய பேனரைப் பிடித்திருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"பொண்ணு காதுகுத்துக்கு நான் கட்டுன பேனர என் பொண்டாட்டியே அவுத்துட்டா மச்சான்."

"இன்னாது? ஏன்டா?"

"அவ வார்டு மெம்பராச்சே. மலை ரோட்டுல பள்ளத்துப் பக்கம் யாரும் பேனர் வைக்கக் கூடாதுன்னு கிராம சபையில தீர்மானம் கொண்டாந்ததே அவதான். வர்றவங்க மலையப் பாக்கணுமாம், நம்ம மூஞ்சிய இல்லியாம்."

"சொந்தப் பொண்ணு விசேஷம்டா. ரெண்டு நாள் விடக் கூடாதா?"

"கேட்டேனே. நம்மளுத விட்டா அப்புறம் யாருத அவுக்கச் சொல்றதுன்றா. மாமனார் படத்தப் பெருசா போட்டிருந்தேன். நாளைக்கு வந்து பேனர் எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"அவரு பொண்ணுதான அவுத்தது? அவளையே சொல்லச் சொல்லு."

பெரிய வளைவு வந்தது. வழக்கமாக அங்கே கண்ணை மூடிக்கொள்வேன், அன்று மூடவில்லை. தடுப்புக் கம்பிக்கு அப்பால் பச்சைச் சரிவும், வெகு கீழே கோமுகி அணைத் தண்ணீரும் தெரிந்தன. பஸ்ஸில் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"இங்கதான் கட்டியிருந்தேன்," என்றார் அவர். "அந்தத் தண்ணி தெரியுது பாரு, அங்கதான் மாமனார் மூஞ்சி."

"தண்ணியே இருக்கட்டும்டா."

அவர் வளைவு மறையும்வரை பார்த்தார். "மாமனார் கேட்டா இங்க இட்டாந்து நிக்க வெச்சிடறேன்."

"வெச்சு?"

"உங்க பொண்ணு கட்டுன பேனர் இதாங்கன்னு சொல்லிடறேன்."