திரைக்கு அந்தப் பக்கம்

— கண்ணைத் துடைச்சுக்கிட்டு இப்படி என் பக்கத்துல உட்காரு, கண்ணு. கட்டுத்துணி மடிச்சுக்கிட்டே உனக்கு ஒரு கதை சொல்றேன்.

— கதை கேட்கிற நிலைமையிலயா இருக்கேன், சிஸ்டர்? நான் ஒண்ணு கேட்கிறேன், என் பையன் கட்டிலை மாத்துவீங்களா, மாட்டீங்களா?

— அதான் நடுவுல திரையை இழுத்து மூடிட்டியே.

— மூடாம என்ன செய்ய? வந்ததுல இருந்து இவனும் பக்கத்துக் கட்டில் பொண்ணும் ஒரே தட்டுலதான் சாப்பாடு. இன்னைக்குக் காலையில அந்தப் பொண்ணுக்கு மூக்குல ரத்தம் வந்துச்சு. இவன் துடைச்சுவிடலாம்னு கையை நீட்டினான். அவ அம்மா ‘தொடாதே’ன்னு போட்டா பாருங்க ஒரு சத்தம். அப்புறம்தான் வாயைத் திறக்கிறா, பொண்ணுக்கு ஈரலைத் தாக்குற ‘ஹெபடைடிஸ் பி’ன்னு.

— ஒரே தட்டுல சாப்பிட்டா அது வராது, கண்ணு. கட்டிப் பிடிச்சாலும் வராது. ரத்தம் படக்கூடாது. அதுக்குத்தான் சத்தம் போட்டிருக்கா.

— முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

— இப்பச் சொன்னா. நீ என்ன செஞ்சே?

— சரி, அதை விடுங்க. இவன் வேற காலையில இருந்து ஒரு வாய் சாப்பிடல. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுக் கிடக்கான்.

— ரெண்டும் சேர்ந்து விளையாடுற பகடை திரைக்கு அடியில அந்தப் பக்கம் உருண்டு போச்சே, ரெண்டு தடவை. பார்த்தியா?

— ரெண்டு தடவையா? எனக்கு ஒண்ணுதான் தெரியும். திருட்டுப் பயல். கதையைச் சொல்லுங்க.

— வந்த அன்னைக்கு இவனுக்கு ரத்தம் எடுத்தோமே, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? கால் உடைஞ்சவனுக்குக் கையில எதுக்கு ஊசின்னு இவங்க அப்பா உங்ககிட்ட எகிறினாரே. தடுப்பூசி உடம்புல வேலை செய்யுதான்னு பார்க்கணும்னார் டாக்டர்.

— செஞ்சுதா?

— எங்க? எதிர்ப்புச் சக்தியே பத்தலையாம். குழந்தையில ஒரு ஊசிக்கு ஜுரம் வந்து விடிய விடிய அழுதான். அப்புறம் வீடு மாத்தினோம். கடைசி ஊசி அப்படியே விட்டுப்போச்சு. யார் கேட்டாலும் எல்லாம் போட்டாச்சுன்னு சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். இங்க வந்துதானே அதைப் போட்டாங்க.

— கால் உடைஞ்சு வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் நாங்க அந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சோதனை செய்றதில்ல, கண்ணு.

— அப்ப இவனுக்கு மட்டும் ஏன்?

— இவன் கட்டிலைத் தள்ளிட்டு வர்றப்ப, இந்த வார்டுல ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ‘புதுப் பையனுக்கு ஊசியெல்லாம் சரியா போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க சிஸ்டர்’னு ஒரே பிடிவாதம். டாக்டர்கிட்ட சொல்லி, அவர் தலையாட்டின பிறகுதான் விட்டா.

— யாரு சிஸ்டர் அது?

— தான் கேட்டதா சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கா.

— நான் ஒண்ணு கேட்கிறேன், பெத்தவ நானே மறந்ததை முன்பின் தெரியாத ஒருத்தி நினைச்சுப் பார்த்திருக்காளே. யாரா இருந்தா என்ன, அவ வீடு நல்லா இருக்கட்டும். அவ புருஷன், பிள்ளைங்க எல்லாரும் ஒரு நோய் நொடி இல்லாம நிறைஞ்சு வாழட்டும்.

— பிள்ளைங்க இல்ல, ஒரே பொண்ணு. திரையை விலக்கிட்டு நீயே போய் அவகிட்டச் சொல்லு.