கோழி கொத்தின திட்டம்

— மொதல்ல மூச்சு விடு. எந்தக் கோழி, எதைத் தின்னுச்சு?

— உங்க கோழிங்கதான் அத்தை. ஊரோட திட்டத்தையே தின்னுட்டுப் போயிடுச்சு.

— திட்டத்தையா? அது என் கோழிக்குச் செரிக்குமா?

— சிரிக்காதீங்க அத்தை, செத்தேன் நான்! காலையில திட்டத்தை எழுதிட்டுப் போக ஆபீசரம்மா வந்துடுவாங்க.

— மெதுவாப் பேசு. சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்கப்பன் படுத்திருக்கான். லைட்டைப் போடவா?

— வேணாம். முகம் தெரியாம இருந்தாத்தான் எனக்கு வாயே வரும்.

— சரி, போர்வைக்குள்ள வா. என்ன இது, ஐஸ் மாதிரி கை! உள்ளங்கையில என்னடி வச்சிருக்கே?

— சோளம். அதை அப்புறம் சொல்றேன். ஊர் மன்றத்துத் தரையில நான் சாக்பீஸ்ல ஊரை வரைஞ்சேன்ல?

— பார்த்தேனே. என் வீட்டைக் கோழிக்கூண்டை விடச் சின்னதா வரைஞ்சிருந்தே.

— அத்தை! இனிமே ஊருக்கு என்னென்ன வரணும்னு அதுலயே கட்டம் போட்டேன். பஸ் நிக்க ஒரு இடம், நர்ஸம்மாவுக்கு ஒரு ரூம், தண்ணித் தொட்டி, மில்லு ரோடு. வீட்டுக்கு மூணு சோளம் எண்ணிக் கொடுத்து, எது மொதல்ல வேணுமோ அதுல வைக்கச் சொன்னோம். எந்தக் குவியல் பெருசோ அந்த வேலைதான் இந்த வருஷம்.

— கூழாங்கல்லு வச்சிருந்தா இந்த வம்பே இல்ல.

— உங்க தம்பிதான் சோளம்னாரு. கல்லுன்னா ஆளாளுக்கு ரோட்டுல பொறுக்கிட்டு வந்து கூடப் போட்டுடுவாங்களாம்.

— ஆமா, சோளம் பாரு, யாரு வீட்டுலயும் கிடைக்காது! என் கூடப் பொறந்தவனுக்கு மூளை எங்க இருக்குன்னு நானும் தேடிட்டுத்தான் இருக்கேன். அது கிடக்கட்டும், அப்புறம்?

— எல்லாரும் வச்சு முடிச்சதும் அப்பா ஊரே பார்க்க என் கையில சாவியைக் கொடுத்தாரு. 'என் பொண்ணு பொறுப்பு'ன்னாரு. நான் முன்கதவைப் பூட்டினேன். சுத்திப் போய்ப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.

— தச்சரு திருப்பி மாட்டிட்டுப் போனாரே, தாழ்ப்பாள் வெளியில இருக்குமே, அந்தக் கதவு?

— அதேதான். போட்டேன்னுதான் நினைச்சேன். வீட்டுக்குப் போய் டீ குடிச்சுட்டு, பொழுது சாயறதுக்குள்ள மறுபடி பார்க்கலாம்னு வந்தா, பின்கதவு ஆ…ன்னு திறந்து கிடக்கு! உள்ள உங்க கோழிங்க மொத்தமும். புள்ளிக்காரி மட்டும் நடுவுல நின்னு, 'யாருடி நீ'ங்கிற மாதிரி என்னையே பார்க்குது.

— அவளுக்கு அந்தத் திமிரு உண்டு. ஒண்ணு கூட மிஞ்சலையா?

— தண்ணித் தொட்டி ஓரத்துல ரெண்டு கிடந்துச்சு. துரத்துற அவசரத்துல அதையும் நானே மிதிச்சுட்டேன்.

— அட என் ராசாத்தி! உங்கப்பன்கிட்ட சொன்னியா?

— சொல்ற மாதிரியா இருக்காரு? சாப்பிடும்போது, 'பொண்ணு பாதுகாப்புல இருக்குய்யா திட்டம்'னு போன்ல யார்கிட்டயோ பெருமை பேசிட்டிருந்தாரு.

— சரி. இப்ப இந்தக் கைச் சோளம் எதுக்கு?

— திட்ட மாட்டீங்களே?

— எனக்குத் தூக்கம் வருது, சட்டுனு சொல்லு.

— திரும்ப நானே வச்சுடலாம்னு எடுத்தேன். பழையபடியே வைக்கணும்னுதான் போனேன், சத்தியமா. ஆனா பஸ் கட்டத்துக்கிட்ட கை தானா நின்னுடுச்சு. பஸ் வந்தாத்தான் அத்தை எனக்கு டவுன்ல பதினொண்ணாம் வகுப்பு. 'பஸ் விட்டாப் போய்ப் படி, இல்லாட்டிப் பார்ப்போம்'னு அப்பா சொல்லிட்டாரு.

— பார்ப்போம்னா பார்ப்போம்தானே?

— உங்க தம்பி பார்ப்போம்னா கிடையாதுன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும், தெரியும். எனக்குக் கிரைண்டர் வாங்கித் தரவும் பார்ப்போம்னவன்தான். சரி, வச்சுட்டியா? ராத்திரியில யாரு பார்க்கப் போறா? எல்லாத்தையும் பஸ்ஸுல கொட்டிட்டு வந்து நிம்மதியாத் தூங்க வேண்டியதுதானே?

— கொட்டினேன். அப்புறம் தையக்காரம்மா ஞாபகம் வந்துச்சு. மாசமா இருக்காங்கள்ல, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு, மூணையும் நர்ஸ் ரூம்ல ஒவ்வொண்ணா வச்சாங்க. அதை எப்படி நான் பஸ்ஸுல வைக்கிறது? பொறுக்கி எடுத்துட்டு ஓடி வந்துட்டேன்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. ஏண்டி, நீ பொறுக்கலைன்னா பஸ் ஜெயிச்சிருக்கும்ல?

— கோழி வராம இருந்திருந்தாலும் பஸ் ஜெயிச்சிருக்காது. நர்ஸ் ரூமும் ஜெயிச்சிருக்காது. மில்லு ரோட்டுக் குவியல்தான் புத்து மாதிரி நின்னுச்சே! அந்த ரோட்டுல மில்லுக்காரர் வீட்டை விட்டா வேற வீடே கிடையாது.

— வரும்போது அவரு சட்டைப் பை ரெண்டும் உப்பிக்கிட்டு இருந்துச்சு. போகும்போது தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

— நீங்களும் பார்த்தீங்களா! நான் பக்கத்துலயே நின்னேன் அத்தை. வாயே திறக்கல. அவரை யாரு கேக்குறது?

— யாரும் கேக்க மாட்டாங்க. பாதிப் பேருக்கு அங்கதான் வேலை, உங்கப்பன் உட்பட. அது கிடக்கட்டும், காலையில என்ன பண்ணப் போறே?

— நீங்களே ஒரு வழி சொல்லுங்களேன்.

— நீதான் பொறுப்பாமே!

— …ஆபீசரம்மா வந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு, அவங்க கண்ணு முன்னாடியே மறுபடி வைக்கச் சொன்னா?

— வீட்டுக்கு மூணு, அந்தம்மா கையாலயே எண்ணிக் கொடுத்து?

— ஆமா! அப்ப பாக்கெட்டுல இருந்து ஒருத்தரும் எடுக்க முடியாதுல்ல? அப்புறம் பஸ்ஸோ நர்ஸ் ரூமோ, நிஜமா எது வருதோ வரட்டும். ஆனா ஏன் மறுபடின்னு கேப்பாங்களே.

— கேப்பாங்கதான்.

— சொல்லிடறேன் அத்தை. அப்பா எல்லார் முன்னாடியும் திட்டினாலும் சரி. 'தாழ்ப்பாள் போட மறந்துட்டேன், கோழி தின்னுடுச்சு, மன்னிச்சுக்கங்க, எல்லாரும் திரும்ப வைங்க'ன்னு சொல்லிடறேன். நீங்க பக்கத்துல நிப்பீங்களா?

— நிக்கிறேன். கோழி என்னோடது, திட்டுறவங்க என்னைத் திட்டட்டும். ஆனா கோழி தின்னுச்சு, திரும்ப வைங்க, அதை மட்டும் சொல்லு. மறந்துட்டேன்னு சொல்லாதே.

— பொய் சொல்லச் சொல்றீங்களா?

— பொய்யே வேணாம்னுதான் சொல்றேன். நீ எங்கடி மறந்தே? நல்லா இறுக்கித்தான் போட்டிருந்தே. புள்ளிக்காரியை இடுக்கிக்கிட்டு, அந்தத் தாழ்ப்பாளை ஒத்தைக் கையால தள்ளுறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.