மாரிட் வகுப்பில் இல்லை

திரையிலே எழுந்தருளி, கன்னத்தில் கைவைத்த கோலத்தில் அப்படியே உறைந்துபோயிருக்கும் பெருமதிப்பிற்குரிய கல்விக்குழுத் தலைவர் கோர்டன் நிஸ்கா அவர்களே! மேடையிலே நேரில் அமர்ந்து, அவர் எப்போது அசைவார் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் குழு உறுப்பினர்களே! வாசலில் பனியை உதறி, காலணியைக் கழற்றி, ஈரக் காலுறையோடு வந்து குந்தியிருக்கும் கார்னெட் ஹார்பரின் பெரியவர்களே! பிள்ளைகளின் கையுறைகளில் எப்போதும் ஒன்றையே தொலைக்கக் கொடுத்து, மற்றொன்றைப் பத்திரமாக வைத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ரெய்னோ சல்மெலாவின் மாலை வணக்கம்!

என்னைத் தெரியாதவர் இங்கே இல்லை. முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். நம் ஊர் வானொலியில் ஹாக்கி முடிவும், இரங்கல் செய்தியும், மீன்பிடிக் காற்றின் வேகமும் ஒரே மூச்சில் வாசிப்பவன் நான். "இன்று பள்ளிக்கூடம் இல்லை" என்று விடியற்காலையில் சொல்லி, ஊர்ப் பிள்ளைகளின் உள்ளங்களில் தெய்வமாக வீற்றிருந்தவனும் நானே. ரொம்பப் பேசுவேன் என்று சொல்வார்கள். உண்மைதான். யாரப்பா அங்கே கை தட்டுவது? அதற்கா தட்டுவது?

நண்பர்களே! இன்று நம் முன்னால் இருக்கும் தீர்மானம் என்ன? இனிமேல் பனி விடுமுறை என்பதே கிடையாது. பனி கொட்டினால் கொட்டட்டும்; பிள்ளைகள் வீட்டிலிருந்தே திரைமுன் அமர்ந்து படிக்க வேண்டும். அனுமதியின்றித் திரையை விட்டு எழுந்தால் அன்றைக்கு வராதவர் கணக்கு. வராதவருக்கு அந்த வாரம் விளையாட்டும் இல்லை. இந்தத் திங்கட்கிழமைப் பெரும்பனியன்று இதைச் சோதனையாக நடத்திப் பார்த்தார்கள். அதை நிரந்தரமாக்கவே இந்தக் கூட்டம்.

நான் இந்தத் தீர்மானத்தைப் பாராட்ட வந்திருக்கிறேன்! சந்தேகமாகப் பார்க்காதீர்கள், வாயாரப் பாராட்ட வந்திருக்கிறேன்! சுப்பீரியர் ஏரி தோன்றிய நாள் முதலாக நம்மைப் புதைத்துக்கொண்டே வந்த பனியை வென்றது யார்? நம் பாட்டன்களின் சுரங்கக் கோடாரியா? பனி தள்ளும் வண்டியா? இல்லை, இல்லை! ஒரு மடிக்கணினி வென்றது! பாதை மூடினால் என்ன, பாடம் மூடாது! வாசல் மூடினால் என்ன, வகுப்பு மூடாது! பெரியவர்கள் நாம் ஒரு கூட்டத்துக்கு வரமுடியாமல் தலைவரையே திரையில் தொங்கவிட்டிருக்கிறோம், அது வேறு விஷயம். தலைவர் அவர்களே, கேட்கிறதா? கேட்கவில்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

அந்தச் சோதனை நாளின் சாதனைகளைச் சொல்லவா? சொல்கிறேன். உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. சன்னலுக்கு வெளியே இடுப்பளவுப் பனி. சறுக்குக் கட்டைகள் கொட்டகையில் சாய்ந்து கிடக்கின்றன. உள்ளே பிள்ளைகள் கட்டிலோரம் நிற்கிறார்கள். ஆசிரியை சொல்கிறார், "எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. இப்ப நீங்க பனியில சறுக்குறீங்க!" ஆகா! கைக்கெட்டிய பனியைக் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்யக் கற்றுக்கொடுத்த கல்வி இந்த உலகத்தில் வேறு எங்கே உண்டு?

அறிவியல் வகுப்பும் நடந்தது. பாடம், பனித்துகள் உருவாவது எப்படி. படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஓர் ஏழு வயதுப் பையன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டானாம், "அம்மா, இந்தப் பனி எந்த ஊர்லம்மா பெய்யுது?" அம்மா இங்கேதான் இருக்கிறார். தலையைக் குனியாதீர்கள் தாயே, உங்கள் மகன் மேதை!

பாவம், பிள்ளைகள் தங்கள் கடமையில் குறைவைக்கவில்லை. முந்தின இரவே இரவு உடையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டார்கள். தலையணைக்கு அடியில் கரண்டி வைத்தார்கள். கழிப்பறையில் பனிக்கட்டியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். விடுமுறை வேண்டி நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வேண்டுதல் அத்தனையும் செய்தார்கள். வேண்டுதல் பலித்தது, பனி பெய்தது. பூசாரி வரம் கொடுக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அன்று காலையில் ஒலிவாங்கி முன்னால், "பிள்ளைகளே, இன்று பள்ளிக்கூடம் உங்கள் வீட்டுக்கே வருகிறது" என்று வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனேன்.

ஆனால் நண்பர்களே, நாம் எல்லோரும் சேர்ந்து ஒன்றை மறந்துபோனோம். வெளியூர்க்காரர் மறந்தால் மன்னிக்கலாம். நாம் மறந்தோம்!

பனி விடுமுறையன்று இந்த ஊரில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தூங்குவார்களா? முட்டையும் ரொட்டியும் தின்ற வாயைத் துடைக்காமல் மண்வாரியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு உண்டு. சட்டம் போட்டவர் யாருமில்லை, சம்பளம் கொடுப்பவர் யாருமில்லை. தனியாக இருப்பவர், தளர்ந்து இருப்பவர், குளிர் கண்டால் மூச்சு வாங்குபவர், இவர்கள் வீட்டு வாசலையும் படியையும், சுவரோரம் இருக்கும் ஹீட்டர் புகைக்குழாயையும் பிள்ளைகள் தோண்டித் திறந்துவிடுவார்கள். கூலியாக ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டியும் சூடான கோகோவும். அதற்குப் பிறகுதான் சறுக்கல், சண்டை, சாயங்காலம் வரை கூத்து. அந்தக் குழாய் பனியில் மூடினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். புகை வெளியே போகாது. நிறமில்லாத, மணமில்லாத நஞ்சு வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

நாம் விடுமுறையை ரத்துசெய்தோம். அதோடு சேர்த்து அத்தனை மண்வாரிகளையும் ரத்துசெய்துவிட்டோம் என்பது நம்மில் ஒருவருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை! "பசங்க வருவாங்க" என்று ஒவ்வொருவரும் உள்ளே இருந்தோம். பசங்கள் வரவில்லை. பசங்கள் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலோரம் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டைத் தோண்டித் திறந்துவிடும் வேலை யாருடையது? எதிர்வீட்டு மாரிட் பெல்கோலாவுடையது. ஒன்பதாம் வகுப்பு. நம் பெண்கள் ஹாக்கி அணியின் கோல்காவலர். என்மேல் பிரியம் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை கேட்டேன், "ஏம்மா, இத்தனை வீடு இருக்கு, என் வீட்ட ஏன் புடிச்ச?" என்று. "உங்க வீட்ல ரொட்டி நல்லா இருக்கும் மிஸ்டர் சல்மெலா. பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தி, பரவால்ல, காதுல தொப்பிய இழுத்து விட்டுக்குவேன்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்த எனக்குத் தலை கனத்தது. காய்ச்சல் என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்தேன். நஞ்சுப்புகை வந்தால் கத்தும் கருவி சுவரில் இருந்தது. அது கத்தவில்லை. ஏன்? அதன் பேட்டரியைக் கழற்றி, ஹாக்கி கேட்க என் கைவானொலியில் போட்டிருந்தேன். என்ன முனகல் அங்கே? உங்கள் வீட்டில் மட்டும் பேட்டரி இருக்கிறதா? எத்தனை பேர் தரையைப் பார்க்கிறீர்கள் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது!

அதே வேளையில் எதிர்வீட்டில் வகுப்பு. என்ன வகுப்பு தெரியுமா? குடிமையியல்! பாடத் தலைப்பு, "அயலாருக்கு நம் கடமை"! நான் புனைந்து சொல்லவில்லை. வகுப்பு முழுவதும் பதிவாகியிருக்கிறது, மாரிட்டின் தாயார் லோர்னா எனக்குப் போட்டுக் காட்டினார். மாரிட் சன்னலைப் பார்க்கிறாள். திரையைப் பார்க்கிறாள். மறுபடி சன்னலைப் பார்க்கிறாள்.

"சார், எதிர்வீட்டுக் குழாய் தெரியவே மாட்டேங்குது. முழுசா மூடிருச்சு போல."

"மாரிட், பேசணும்னா கை தூக்குற பட்டன அமுக்கும்மா. நடுவுல பேசக்கூடாது."

அமுக்கினாள். காத்திருந்தாள். திரையில் ஓரமாக ஒரு சின்ன மஞ்சள் கை தூக்கியபடியே நிற்கிறது. ஆசிரியர் விட்காம்ப் கடமையின் மூன்று வகைகளை விளக்கிக்கொண்டே போகிறார். பார்க்கவில்லை.

"சார், நான் போய்ட்டு வந்துடறேன் சார்!"

"இப்ப எந்திரிச்சா வரலைன்னு ஆயிடும் மாரிட். சனிக்கிழம மேட்ச் இருக்குல்ல? யோசிச்சுக்கோ."

யோசித்தாள். எவ்வளவு நேரம் யோசித்தாள் என்று பதிவில் பார்த்தேன். நாற்காலி இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது, ஆள் இல்லை. பிறகு அந்த நாற்காலியில் ஒரு பூனை ஏறி உட்கார்ந்து, கடமையின் மூன்றாவது வகையைக் கவனமாகக் கேட்டது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்று ஏடு திரையில் இருந்தது, கறி என் வீட்டில் வெந்துகொண்டிருந்தது. மாரிட் குழாயைத் தோண்டினாள். கதவைத் தட்டினாள். பதில் இல்லை என்றதும் மண்வாரியால் என் சன்னலை உடைத்தாள். குளிர்காற்று முகத்தில் அறைந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே அவள் அழுத குரலும் நினைவிருக்கிறது, "பேசுங்க மிஸ்டர் சல்மெலா! எப்பவும் பேசுவீங்களே, இப்ப பேசுங்க!"

இந்த ஊரில் என்னைப் பேசச் சொல்லிக் கெஞ்சிய ஒரே ஜீவன் அவள்தான்.

ஆசிரியர் விட்காம்ப் அவர்களே, மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிக்கொண்டு அமர்ந்திருக்கிறீர்கள். கையை எடுங்கள். தெற்கிலிருந்து வந்த உங்களுக்கு எங்கள் குழாய்கள் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. விதியை எழுதிக் கையில் கொடுத்தது நாங்கள். குற்றம் எங்களுடையது.

ஆக, குடிமைக் கடமை வகுப்பிலே மாரிட் வரவில்லை என்று பதிவாயிற்று. நாளை மறுநாள் சனிக்கிழமை. அவள் களத்தில் இறங்க முடியாது. அந்தப் பதிவை நீக்கச் சொல்லிக் கேட்கத்தான் இன்று நான் இங்கே வரப் புறப்பட்டேன். மனு கூட மனப்பாடம் செய்துவிட்டேன். புறப்படும் முன் அவளிடம் சொன்னேன்.

"வேணாம் மிஸ்டர் சல்மெலா. அழிக்கச் சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"நான் அங்க இல்லதானே? இருந்தேன்னு பொய் எழுதச் சொல்றீங்களா?"

"சனிக்கிழம ஆட்டம் போயிடுமே மாரிட்!"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆடணும்னு ஆசையாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா அடுத்த பனிக்கும் நான் எந்திரிச்சுப் போவேன். அதுக்கு அடுத்ததுக்கும் போவேன். ஒவ்வொரு தடவையும் நீங்க போய் அழிக்கச் சொல்லிக் கெஞ்சுவீங்களா?"

பெரியோர்களே! தாய்மார்களே! மனப்பாடம் செய்த மனுவை அங்கேயே கைவிட்டேன். வாயை விற்றுப் பிழைக்கிறவன், அவள் கேள்வியை மட்டும் சுமந்து வந்திருக்கிறேன்! இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா? மேடையில் இருப்பவர்களே, உங்களிடம் இருக்கிறதா? ஒரு நல்ல காரியம் செய்ததற்காக ஒரு பிள்ளை மன்னிப்புக் கேட்கவேண்டிய விதியை நாம் எழுதலாமா? அந்த மன்னிப்பைப் பெருந்தன்மையாக வழங்கிவிட்டு, நாமே கைதட்டிக்கொள்ளலாமா? வேண்டாம்! மாரிட்டுக்கு மன்னிப்பு வேண்டாம். அவளுக்கும், அன்று சன்னலைப் பார்த்துப் பார்த்துத் தவித்துவிட்டு, நாம் சொன்னபடி உட்கார்ந்தே இருந்த மற்றப் பிள்ளைகளுக்கும், பனி பெய்யும் நாளைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த வீட்டு உயிரைக் காக்கப் போக எந்தப் பிள்ளையும் ஒரு மஞ்சள் கையைத் தூக்கிக் காத்திருக்கும் நிலை வேண்டாம்.

சற்று நேரத்தில் வாக்கெடுப்பு. இந்தத் தீர்மானம் வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கை தூக்கலாம், இது குடியரசு. ஒன்றை மட்டும் எண்ணிக்கொண்டு தூக்குங்கள். மாரிட் பெல்கோலா அன்று நல்ல மாணவியாக நாற்காலியிலேயே இருந்திருந்தால், வானொலியில் என் ஒலிவாங்கிக்கு முன்னால் வேறொருவர் அமர்ந்து, என் பெயரை இரங்கல் செய்தியில் வாசித்திருப்பார். என்னைவிடச் சுருக்கமாக வாசித்திருப்பார் என்பது உண்மைதான்.

இவ்வளவு நேரம் பொறுமை காத்த உங்களுக்கு நன்றி. திரையிலிருக்கும் தலைவருக்கும், தரையிலிருக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. அவள் எனக்கு மீட்டுக் கொடுத்த மூச்சைக் கொண்டே உங்கள் அனைவரையும் வணங்கி, அமர்கிறேன்.