பக்கத்துக் கடையில் வந்த ஆர்டர்

ஹைதராபாத்தில் மாதாப்பூர் போகும் ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள். டிபன் கடை நடத்துகிறவர் தோழியிடம் சொன்னார்:

"கடை திறந்த அன்னைக்கு எங்க ஆர்டரெல்லாம் பக்கத்து பிரியாணிக் கடையில பிரிண்ட் ஆயிடுச்சு."

"எப்படி?"

"ரெண்டு கடைக்கும் ஒரே நெட் லைன். ரெண்டு பிரிண்டருக்கும் ஒரே ஐபி நம்பர், அதாவது நெட்ல ஒரே விலாசம், இருந்திருக்கு. எங்க கிச்சன்ல ஒரு சீட்டும் வரல. வந்தவங்க பசியோட உக்காந்திருக்காங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அந்த பிரியாணிக் கடைக்காரர் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டாரா?"

"சேச்சே! அள்ளிக்கிட்டு அவரே ஓடி வந்தாரு. நான் நம்பரை மாத்தி முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு சீட்டா கொண்டு வந்து குடுத்தாரு."

"போட்டிக் கடைக்காரரா?"

"ஹவ், ஆமா! 'இத்தனை ஆர்டருக்கு உங்க அடுப்பு பத்தாதும்மா'ன்னு அவரோட அடுப்பு ஒண்ணையும் காலி பண்ணிக் குடுத்தாரு. அன்னைக்கு எங்க பூரியெல்லாம் அங்கதான் பொரிஞ்சுது."