இரண்டாவது குழாய்

இந்த ஊரில் வலிக்காமல் ரத்தம் எடுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்லவில்லை, நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் கையைப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்கள்கூட என்னிடம், "முடிஞ்சிடுச்சா ரூமி, குத்தவே இல்லையே" என்றுதான் கேட்பார்கள். ஸ்தாங்காவும் அப்படித்தான் கேட்பாள். அவள் எப்படிச் செத்தாள் என்பதுதானே உங்களுக்கு வேண்டும். சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், அவசரப்படுத்தாதீர்கள்.

எங்கள் கம்பெனி சின்னது. ஆற்றங்கரையில், மூடிக்கிடக்கும் சர்க்கரை ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. மொத்தம் பதினொரு பேர். ரத்தத்தில் கார்ட்டிசோல் எவ்வளவு என்று அளக்கும் கிட் தயாரிக்கிறோம். மனிதன் பயந்தால், பதறினால் உடம்பில் ஊறுகிற ஹார்மோன் அது. கிட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டு இருக்கும். அதில் ரத்தநீரையும் மருந்துகளையும் விட்டு முடித்தால் குழிகளில் மஞ்சள் நிறம் வரும். ஹார்மோன் குறைவென்றால் நல்ல மஞ்சள். கூடக் கூட வெளுக்கும், பயந்தவர் முகம்போல.

ஒவ்வொரு கிட்டோடும் இரண்டு மாதிரிகள் அனுப்ப வேண்டும். ஒன்று அளவு குறைந்த ரத்தநீர், மற்றது அளவு கூடியது. வாங்குகிறவர்கள் தங்கள் தட்டு சரியாக வேலை செய்கிறதா என்று அவற்றை வைத்துத்தான் பார்ப்பார்கள். குறைந்தது சுலபம். கூடியதுக்கு ஏழெட்டுப் பேருடையதைக் கலந்தாலும் வேண்டிய அளவு ஏறாது. சாதா ரத்தநீரில் ஹார்மோனைக் கரைத்து விற்பவர்கள் உண்டு. எங்கள் மேலாளர் அசேனுக்கு அது பிடிக்காது. அசல் மனித ரத்தம் என்று பெட்டிமேல் அச்சடித்திருக்கிறோம், அசலாகவே இருக்கட்டும் என்பார். அசல் எப்படி வரும் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவரை இதில் இழுக்காதீர்கள்.

தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ரத்தம் கொடுக்க வந்த ஒருவருக்கு வீடு தீப்பிடித்ததாகப் போன் வந்தது. அரை மணி கழித்து, எரிந்தது பக்கத்து வைக்கோல்தான் என்று தெரிந்தது. அதற்குள் நான் எடுத்துவிட்ட ரத்தத்தில் அளவு அப்படி ஏறியிருந்தது. அடுத்த வாரம் வேறொருவரிடம், "உங்க வீட்டுலேருந்து போன் வந்துது, ஏதோ அவசரமாம், சரியாக் கேக்கல. உக்காருங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்து ரத்தம் எடுத்தேன். பிறகு, அது வேறு யாருக்கோ வந்த போன் என்றேன். சிரித்தார், சிலுவை போட்டுக்கொண்டார், என் கையில் முத்தம் கொடுத்தார். மூன்று வருடம் இப்படித்தான் செய்தேன். யாரையும் பொய்யோடு வீட்டுக்கு அனுப்பியதில்லை. வந்ததைவிட சந்தோஷமாகத்தான் எல்லோரும் போனார்கள்.

ஸ்தாங்கா தையல் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை. ஒரே மகன் கலின், இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் லாரி ஓட்டுகிறான். மாதத்தின் முதல் செவ்வாய் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வருவாள். பிறகு சாப்பிடுவதற்குப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா கொண்டுவருவாள். எனக்கும் சேர்த்துத்தான். மகனைப் பற்றிய பேச்சு மட்டும்தான் அவளிடம் உண்டு. முதல் தடவை போன் வந்ததென்று சொன்னபோது அவள் குழி தண்ணீர் மாதிரி வெளுத்தது. அவளைப் போல யாரும் இல்லை.

ஆனால் ஒரே விஷயத்துக்கு மனிதன் திரும்பத் திரும்பப் பயப்படுவதில்லை. நாலாவது தடவை அவள் சிரித்துவிட்டாள். "உன் போனுக்கு வேற வேலையே இல்லயாடி ரூமி, எப்பப் பாரு தப்பாவே வருது." அன்று அவள் குழி நல்ல மஞ்சள். அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் அளவு கூடிய கலவை இரண்டு முறை சோதனையில் தேறவில்லை. மூன்றாவதும் போனால் வருடக் கடைசியில் மூடிவிட வேண்டியதுதான் என்று அசேன் சொன்னார். பதினொரு குடும்பம் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆட்கள் போனை நம்ப மாட்டார்கள், தாளை நம்புவார்கள். யார் செத்தாலும் படம் போட்டு, கறுப்புக் கட்டம் கட்டி, வீட்டுக் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுகிறோமே, அந்தத் தாள். நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று. அதை யாரும் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. கலினின் படம் என்னிடம் இருந்தது. என் அக்கா மகளுக்குக் காட்டச் சொல்லி ஸ்தாங்காவே கொடுத்தது. செவ்வாய்க்கிழமை அவன் லாரியோடு கப்பலில் இருப்பான், சாயங்காலம்வரை போன் கிடைக்காது என்று சொன்னதும் அவள்தான்.

ஏழே முக்காலுக்கு அவன் படம் போட்ட ஒரு தாளை எங்கள் வாசல் கம்பத்தில் ஒட்டினேன். எட்டு மணிக்கு வந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தவில்லை. போனைக் காதில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். தாளைக் கிழித்து நாலாய் மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பனிட்சாவை மேசையில் வைத்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டாள். வேறு எங்கே போவதென்று அவளுக்குத் தெரியவில்லை போலும்.

எட்டு இருபத்தைந்துக்கு முதல் குழாய் எடுத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் அவள் முகத்தில் நிறம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அளவு ஏறுகிறது என்று அர்த்தம். இன்னும் கால் மணி பொறுத்தால் இன்னொரு குழாய், அதோடு கலவை தேறிவிடும்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "ரூமி, வாசல்ல ஒரு தாள் ஒட்டியிருந்துது. நீ பாத்தியா? அது என் கலின்தானா?"

"கொஞ்சம் உக்காருங்கக்கா" என்றேன். "இன்னும் ஒரு குழாய் இருக்கு."

அவளே கையை நீட்டினாள்.

எட்டு நாற்பதுக்குத் தலை தோளில் சாய்ந்தது. இரண்டாவது குழாயில் எட்டு நாற்பத்தொன்று என்று எழுதியிருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தது எட்டு நாற்பத்தாறு. இடையில் என்ன செய்தேன் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நரம்பு இன்னும் கிடைத்தது, எடுத்தேன். இதயம் நின்றுவிட்டது, வயது அறுபத்துமூன்று என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கலவை தேறியது.

நாற்பதாம் நாள் கலின் வந்து அவள் படம் போட்ட தாளை எங்கள் வாசலில் ஒட்டினான். அரை வருடத்துக்கும் ஒட்டினான். மழையில் ஊறிப் போனால் புதிது ஒட்டினான். தினமும் காலையில் அந்த முகத்தைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன். நேற்று வருட நினைவு. அவித்த கோதுமையில் சர்க்கரை தூவிக் காகிதக் கோப்பைகளில் கொண்டுவந்திருந்தான். "அம்மாவுக்கு இந்த எடம்னா உசுரு, ரூமி அக்கா. அந்த மூலையக் கொஞ்சம் பிடிங்க." பிடித்துக்கொண்டேன். ஒட்டி முடித்துவிட்டுப் பர்ஸிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்துக் காட்டினான்.

"இது அவ கோட்டுல இருந்துது. எவன் பண்ணினான்னு ஒரு வருஷமா ஊர்ல ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துட்டிருக்கேன். அதுகூடப் போகட்டும்க்கா. நான் உசுரோட இருக்கேன்னு தெரியாமயே போயிட்டா. எனக்கு அதுதான் ஆறல."

கோதுமையைச் சாப்பிட்டேன். சர்க்கரை கொஞ்சம் அதிகம். இன்று நானாகவே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவன் சம்பந்தமில்லாதவர்களைச் சந்தேகப்படுகிறான், அது நியாயமில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

மனம் கலங்கி வந்ததாக எழுதுகிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். என்னிடம் ஆதாரம் இருக்கிறது. ஸ்தாங்கா செத்த மறுநாளிலிருந்து தினமும் காலை எட்டு நாற்பத்தொன்றுக்கு என் ரத்தத்தை நானே எடுத்துத் தட்டில் போட்டுப் பார்க்கிறேன். ஞாயிறு, பண்டிகை எதற்கும் விட்டதில்லை. நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒருநாள்கூட அளவு தாண்டவில்லை. பயமோ குற்ற உணர்வோ இருந்தால் தட்டு காட்டிக்கொடுத்திருக்கும், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஒரே ஒரு உதவி. இடது கையில் இப்போது நரம்பே இல்லை, பாருங்கள், எல்லாம் கல்லாகிவிட்டது. ஏப்ரலிலிருந்து காலில்தான் எடுக்கிறேன். இங்கே ஊசி தர மாட்டார்களாம். நாளைக் காலை எட்டு நாற்பத்தொன்றுக்கு யாரையாவது அனுப்புங்கள், வலிக்க வலிக்கக் குத்தினாலும் பரவாயில்லை. நாளைக்கும் மஞ்சளாகத்தான் வரும்.